வேகவைத்த ஆப்பிள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கப் போவதில்லை. கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாய். கல்லுக்கு யாரும் வயிற்றில் குழாய் போட்டு வைப்பதில்லை. ஆகவே இனிமேல் என் கடிதங்கள் இப்படித்தான் தொடங்கும்: நான் நலம், உன் எண் அறிய ஆவல்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை நான் "சி.ஆர்.பி." என்று வாயெடுத்ததும் டொக்கென்று வைத்தாயே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் தைத்து மிஞ்சின துண்டுத் துணியைக்கூடத் தூக்கிப்போட மனசு வராதவன் நீ.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எடுக்க வேண்டிய பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது. ரத்தம் பொருந்துகிறது, மற்றதெல்லாமும் பொருந்துகிறது, என் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்து உனக்கு வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது குறுக்கே நிற்பது உன் ரத்தத்தில் இருக்கிற அந்த ஒரே ஒரு எண், அந்த சி.ஆர்.பி. நல்ல உடம்பில் அது ஐந்துக்குக் கீழே இருக்கும். உனக்கு இருபத்தெட்டு. அது இறங்காமல் ஆபரேஷன் கிடையாது என்கிறார் உன் டாக்டர். அவர் சொல்வது சரிதான். வைத்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைப்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே எங்காவது சீழ் ஒளிந்திருந்தால் அதற்குக் கொண்டாட்டம், உனக்குத் திண்டாட்டம்.

லேபில் நாள் முழுக்க இந்த எண்ணைத்தானே பார்க்கிறேன். உள்ளே எங்கேயோ அழற்சி இருக்கிறது என்று கத்தும். எங்கே என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். தெருவில் சண்டைச் சத்தம் கேட்கிறது, எந்த வீட்டில் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். ஆகவே கோபப்படாமல் பதில் எழுது. வயிற்றுக் குழாயில் டயாலிசிஸ் பை மாற்றும்போது ஃபேனை நிறுத்துகிறாயா? வாய்மூடி போடுகிறாயா? கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுகிறாயா, இல்லை நனைத்து உதறிவிட்டு வருகிறாயா? வயிற்றில் குழாய் வெளியே வருகிற இடம் சிவந்திருக்கிறதா? வெளியே வருகிற நீர் தெளிவாக இருக்கிறதா? மழுப்பினால் உன் பெண்டாட்டியைக் கேட்பேன்.

நானே வந்துவிடுவேன். ஒன்றரை நாள் ரயில். இருக்கிற லீவையெல்லாம் ஆபரேஷனுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறேன், அதில் கை வைக்க மனசில்லை.

கோபத்துடனும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாசத்துடனும்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கல்லு மாதிரி இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகந்தானே?

உன் கடிதத்தைப் படித்தபோது போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. சரி, வாக்குமூலம் தருகிறேன். கடையில் துணி போட்டுப் பார்க்கிற அறையைத்தான் பை மாற்றுகிற அறையாக மாற்றியிருக்கிறேன். சின்ன அறை, கதவைச் சாத்தினால் தூசி வராது, ஃபேனே கிடையாது. நர்ஸம்மா வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்ற மனசு வரவில்லை. கொக்கியில் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வயிற்றில் குழாயும் முகத்தில் வாய்மூடியுமாக மூன்று தையல்காரர்கள் என்னையே முறைத்துப் பார்க்கிறார்கள். ஒருவன் முகத்திலும் சிரிப்பில்லை.

போன வாரம் ஒரு அம்மாள் சட்டை அளவு சரிபார்க்க வந்தவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள யாரு இவ்வளவு நேரமா போட்டுப் பாக்கறது?" என்றார்.

"நான்தாம்மா."

"உங்க கடைலயே நீங்க துணி போட்டுப் பாப்பீங்களா?"

"ஆமாம்மா, எனக்கு எதுவுமே சீக்கிரம் பிடிக்காது."

சிரிக்காமல் போய்விட்டார். அடுத்த தெருக் கடைக்கே போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

கை கழுவுகிறேன். குழாய் இருக்கிற இடம் சிவக்கவில்லை. டாக்டர் பஞ்சில் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், ஒன்றுமில்லை. வெளியே வருகிற நீரின் பையைச் செய்தித்தாள்மேல் வைத்தால் எழுத்தைப் படிக்கலாம், அவ்வளவு தெளிவு. படித்தும் பார்த்தேன், விளையாட்டுப் பக்கம். நெஞ்சைப் படம் பிடித்தார்கள், சுத்தம். பல்லும் காட்டியாச்சு, அந்தச் சர்ட்டிஃபிகேட் ஃபைலிலேயே இருக்கிறது. நீ சுத்தம் சுத்தம் என்று கரடியாகக் கத்துகிறாயே என்று, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கத்தைக்கூட விட்டுவிட்டேன். சின்னக் கத்திரிக்கோல் ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அத்தான் நன்றாகச் சாப்பிடுகிறாரா? கேட்டதாகச் சொல்லாதே, சும்மா எழுது.

இப்படிக்கு,
குற்றவாளிக் கூண்டிலிருந்து உன் தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், உன் எண்ணை அறிந்தேன். முப்பத்தொன்று. உன் பெண்டாட்டி போனில் சொன்னாள். "அண்ணி, நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அவளைக் கடித்துக் குதறாதே.

எல்லாம் சுத்தம், எல்லாம் தெளிவு என்றால் அந்த எண் என்ன ஆகாயத்திலிருந்தா ஏறுகிறது? இங்கே என்னுடன் வேலை பார்க்கிற பெண் சொல்கிறாள், துணித் தூசியாக இருக்குமோ என்று. கடையைப் பத்து நாள் மூடு. மூட மாட்டாய், தெரியும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம் வருகிறது. அந்த முட்டாள் எண்ணுக்குச் சீருடைக் காலமெல்லாம் தெரியாதே!

ரத்தத்தில் புரதமும் குறைந்திருக்கிறதாம். உடம்பில் அழற்சி இருந்தால் அது சாப்பிட்டதையெல்லாம் தின்றுவிடும். ரத்தம் ஊறப் போடுகிற ஊசியும் அதனால்தான் வேலை செய்யவில்லை. முட்டை வெள்ளைக்கரு தின்னு. பழத்தில் ஆப்பிள் உனக்கு ஆகும், தினம் ஒன்று தின்னு.

உன் அத்தானைப் பற்றிக் கேட்டாய். அவர் ஒருத்தர் தனியாக என் உயிரை எடுக்கிறார். தட்டில் போட்டதில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். என்ன என்று கேட்டால், "ஆறாவது மாடி லிஃப்ட்ல சத்தம் வருது, அதயே நெனச்சிட்டிருக்கேன்" என்கிறார். இருபது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு இப்போதுதான் சத்தம் கேட்கிறதாம். ஜனவரியில் வெளியூர் வேலைக்குப் போனவர், அங்கே எந்தக் கடையிலோ பேண்ட் இடுப்பைச் சுருக்கிக்கொண்டு வந்திருக்கிறார். சொந்த மைத்துனன் தையல்காரன் இருக்க, வெளியாளிடம் கொடுத்திருக்கிறார் பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வேலை சுத்தம். நீ பார்த்தால் பொறாமைப்படுவாய்.

பதில் உடனே வேண்டும்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முப்பத்துநான்கு. நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன், மகிழ்ச்சியா?

சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது, விரிவாக எழுத நேரமில்லை. முட்டை தின்கிறேன். ஆப்பிளும் தின்கிறேன், இவள் வேகவைத்துத் தருகிறாள். ரொட்டியைத் தேநீரில் ஊறப் போட மறந்துவிட்டாள் என்று நேற்றுக் கத்தினேன், அதற்காக இன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் போனில் என்னதான் பேசிக்கொள்கிறீர்களோ.

டாக்டர் வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார். எடுக்கட்டும். என்னைக் கேட்டால், ஆபரேஷன் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? பையை மாட்டுகிறேன், கழற்றுகிறேன், தைக்கிறேன். இப்படியே என் காலம் ஓடிவிடும். நீ உன் வீட்டைப் பார், அத்தானைப் பார். இதைக் கோபத்தில் எழுதவில்லை.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நலமெல்லாம் அப்புறம்.

"ஆபரேஷன் இல்லாவிட்டால் என்ன" என்று எழுதுவதற்கு உனக்குக் கை எப்படி வந்தது? இந்தக் கேள்வியை அம்மா இருந்தபோது கேட்டிருந்தால் துடைப்பத்தைத் தேடியிருப்பாள். நான் தேடவில்லை, ஒன்றரை நாள் தூரத்தில் இருக்கிறேன், பிழைத்தாய்.

நான் லேபில் இருக்கிறவள், டாக்டர் இல்லை. ஆனால் உன்னைப் போலப் பை மாட்டிக்கொண்டிருக்கிறவர்களின் ரத்தம் மாதாமாதம் என் கையில்தான் வந்து விழுகிறது. குப்பியில் ஒட்டியிருக்கிற பெயர்களை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். எண் கீழேயே இருக்கிறவர்கள் வருஷக்கணக்கில் வந்துகொண்டிருப்பார்கள். எண் ஏறி ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டவர்களின் பெயர் ஒரு மாதம் வராது. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த மாதமும் வராது. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அழற்சி முதலில் இதயத்தைத்தான் போய்ப் பிடிக்கும். சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தை வடிகட்டுகிற வயிற்றுச் சவ்வும் காலத்துக்கும் உழைக்காது. இதெல்லாம் உனக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் ஃபேன், சோப்பு என்று பேசிக்கொண்டிருந்தேன். நீதான் சொல்ல வைத்தாய்.

உன் பெயர் ஒட்டிய குப்பி இந்த லேபுக்கு வருவதில்லை. அதற்காக ஒவ்வொரு நாளும் சந்தோஷப்படுகிறேன்.

இன்னொன்று. ஆப்பிளை யாராவது வேகவைத்துத் தின்பார்களா? உன் வீட்டில் எல்லாமே தலைகீழ்.

அக்கா


ஏப்ரல் 25

தம்பி,

ஒரு மாதமாகப் பதிலில்லை. போனையும் எடுப்பதில்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, எண் நாற்பதைத் தொட்டுவிட்டது என்று உன் பெண்டாட்டி அழுகிறாள்.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்னுடன் வேலை பார்க்கிற பெண் டப்பாவைத் திறந்தாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம், அதற்கு எடுத்துவைத்ததைத் தவறுதலாகக் கொண்டுவந்துவிட்டாள். உள்ளே வேகவைத்த ஆப்பிள். நான் கையில் எடுத்த ரொட்டியை வாயில் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆப்பிளை வேகவைக்கிறாய். ரொட்டியை ஊறப் போடுகிறாய். பத்து வயதிலிருந்து பல்லால் நூல் கடித்தவன் திடீரென்று கழுத்தில் கத்திரிக்கோல் மாட்டியிருக்கிறாய், அதுவும் நான் சுத்தம் பேசியதற்காகவாம்! நான் சொன்ன எதை இதுவரை நீ கேட்டிருக்கிறாய்?

இவ்வளவு நாள் உன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். வாயைத் திற. எந்தப் பக்கம்? எத்தனை நாளாக? ஃபைலில் இருக்கிற அந்தச் சர்ட்டிஃபிகேட் எந்த வருஷத்தது?

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமில்லை. இப்படி எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது.

இடது பக்கம், கீழே, கடைவாய். போன மழைக்காலத்திலிருந்து. பக்கத்துப் பல்லும் ஆடுகிறது. ஈறு வீங்கும், உடைந்து வாயெல்லாம் கசக்கும், பிறகு பத்து நாள் சும்மா இருக்கும். வலி அவ்வளவாக இல்லை. கடித்தால் மட்டும் உயிர் போகும். சர்ட்டிஃபிகேட் போன வருஷத்தது. டாக்டர், "பல்லுல ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். பல்லும் ஈறும் கெட்டால்கூட அந்த எண் ஏறும் என்று, பை மாற்றப் பயிற்சி கொடுத்த அன்றே நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஆக, தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

இனி நீ பேனாவைக் கடிப்பாய். மெதுவாகப் படி.

ஜனவரியில் பல் டாக்டரிடம் போக நாள் வாங்கியிருந்தேன். அதற்கு முந்தின நாள் அத்தான் கடைக்கு வந்தார். தனியாக. கையில் ஒரு காகிதப் பை, அதில் ஒரு பேண்ட்.

"இடுப்பக் கொஞ்சம் சுருக்கணும்" என்றார்.

இதற்காக ஒன்றரை நாள் ரயிலேறி யாராவது வருவார்களா? நான் ஒன்றும் கேட்கவில்லை, டேப்பை எடுத்தேன். அந்தப் பேண்ட்டை நான்தான் தைத்தேன், அவர் அளவு எனக்குத் தெரியும். டேப் இரண்டு விரல் அல்ல, ஒரு கை அகலம் உள்ளே போயிற்று.

"என்ன அத்தான், இப்படி எளச்சிட்டீங்க?"

"சாப்பாடு எறங்கல."

ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தைத்தேன். அறைக் கதவு திறந்திருந்தது, கொக்கியில் தொங்குகிற பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வலிக்குமா?" என்றார்.

"எனக்கா? பழகிடுச்சு."

"உனக்கில்ல. குடுக்கறவங்களுக்கு."

எனக்கு மிஷின் நின்றுவிட்டது. உடனே அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதே. நான் வேணாம்னு சொல்ல வரல. சொல்லவும் மாட்டேன். அவகிட்ட நான் வந்தத சொல்லாதே, என்ன?" என்றார். பேண்ட்டை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலுக்கே கிளம்பிவிட்டார். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் சொல்லவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. எனக்காக இன்னொரு மனிதர் சோறு இறங்காமல் உருகிக்கொண்டிருக்கிறார், அந்த அளவு என் டேப்பில் தெரிகிறது. மறுநாள் பல் டாக்டரிடம் போகவில்லை. நான் உன்னிடம் வேண்டாம் என்றால் நீ காதில் வாங்க மாட்டாய். பல் இப்படியே இருந்தால் எண் இறங்காது, எண் இறங்காவிட்டால் உன்மேல் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

நீ "வேலை சுத்தம்" என்று எழுதினாயே, அன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அத்தானைத் திட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


மே 14

அடேய்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் பீரோவைத் திறந்தேன். பேண்ட்டை எடுத்து இடுப்புப் பட்டியை உட்புறமாகத் திருப்பினேன். இடுப்பைச் சுருக்கிய புதுத் தையல் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. நீ எதைத் தைத்தாலும் அப்படித்தானே முடிப்பாய்! என் சட்டை அத்தனையிலும் இருக்கிறது. அதை வெளியே பார்த்துப் பாராட்டினேனே தவிர, உள்ளே திருப்பிப் பார்க்கவில்லை. நானெல்லாம் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன்!

சாயந்திரம் அவர் வந்ததும் பேண்ட்டை மேஜைமேல் போட்டேன்.

"ஜனவரில எங்க போனீங்க?"

"லிஃப்ட் வேலைக்கு."

"லிஃப்ட்ட ஏத்தறதுக்கு இடுப்பச் சுருக்கணுமா?"

அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார். நான் திட்டினேன். நீ கெஞ்சியதற்காகப் பாதியோடு நிறுத்தினேன். கடைசியில் அவர், "பயமா இருக்கு, அதான். வேற ஒண்ணுமில்ல" என்றார். "எனக்கு மட்டும் இல்லையா?" என்றேன். அவர் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். எனக்கும் பயம்தான், தம்பி. பயத்தோடுதான் கையெழுத்துப் போட்டேன், பயத்தோடு போட்டாலும் அது என் கையெழுத்துதான்.

இப்போது உன் விஷயம். இரண்டு ஆம்பிளைகள் ஒரு தையல் கடையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை முழுசாகப் பேசாமல், என் சிறுநீரகத்துக்கு முடிவு கட்டியிருக்கிறீர்கள். அது என்னுடையது. என் வயிற்றில் இருக்கிறது. ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒருத்தர் சாப்பிடாமல் சொல்கிறார், ஒருத்தன் பல்லை அழுகவிட்டுச் சொல்கிறான். வாய் எதற்கு இருக்கிறது உங்களுக்கெல்லாம்? நான் அங்கே ஃபேன், சோப்பு, தூசி என்று பைத்தியக்காரி மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ ஆப்பிளை வேகவைத்துத் தின்றுகொண்டு என்னை வேடிக்கை பார்த்திருக்கிறாய். அந்தச் சீழ் உன் ரத்தத்தில் கலந்து இதயத்தில் போய் உட்கார்ந்திருந்தால்? நான் யாரைத் திட்டுவது?

கேள். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. அதை நான் பிடுங்கவில்லை. ஆனால் சீழ் பிடித்த வாயால் அதைச் சொல்லாதே. முதலில் டாக்டரிடம் உண்மையைச் சொல். பல்லைப் பிடுங்கு, பிடுங்குவதற்கு முன்னால் கொடுக்கிற மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, எண்ணை இறக்கு. எல்லாம் முடிந்த பிறகு, அக்கா, உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம் என்று நல்ல வாயால் சொல். நான் அழுவேன், திட்டுவேன். ஆனால் கேட்டுக்கொள்வேன். சத்தியம்.

அக்கா


மே 30

தம்பிக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் ரிப்போர்ட் எழுதுவேன், மூன்று வரிக்குமேல் போகாது. இதை உன் அக்காவுக்குக் காட்டாமல் எழுதவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

அன்றைக்கு நான் வந்திருக்கக் கூடாது. வந்ததுதான் வந்தேன், முழுசாகப் பேசிவிட்டாவது போயிருக்க வேண்டும். பயம் என்னுடையது. அதை என் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவன், உன் கடையில் இறக்கிவைத்துவிட்டுப் போனேன். நீ அதை எடுத்து உன் பல்லில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாய். இனி வேண்டாம். பிடுங்கிப் போடு.

ஆபரேஷன் அன்று நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். அதற்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

இப்போது சாப்பாடு இறங்குகிறது. பேண்ட் பிடிக்கிறது. பிரித்துவிட வேண்டும். வேறு கடையில் கொடுக்க மனசில்லை, நேரில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
அத்தான்


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? இத்தனை கடிதத்தில் ஒரு தடவைகூட உன்னை ஒழுங்காகக் கேட்கவில்லை என்று இவள் சொல்லிக் காட்டினாள். இப்போது கேட்கிறேன். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதா? தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா? மழுப்பினால் அத்தானைக் கேட்பேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "ஏன்யா, நான் உங்க வயித்துல தேடாத எடமில்ல" என்றார். பிறகு ரொம்ப நேரம் திட்டினார். உன் அளவுக்கு வரவில்லை. இரண்டு பல்லையும் எடுத்தாகிவிட்டது. ரத்தம் நிற்கவே ஒரு நாள் ஆயிற்று, கன்னம் பன்னு மாதிரி வீங்கிற்று, கடைக்கு வந்தவர்களெல்லாம் யாரோடு சண்டை என்று கேட்டார்கள். இப்போது ஆறிவிட்டது. போன மாதம் எண் பன்னிரண்டு. நேற்று நான்கு. ஊசியும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, ரத்தம் ஊறுகிறது. அடுத்த மாதம் நாள் குறிக்கலாம் என்கிறார். நேற்று ஆப்பிளைப் பச்சையாகக் கடித்துத் தின்றேன், வலது பக்கம்தான், ஆனாலும் கடித்தேன். சத்தம் கேட்டு இவள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

நீ சொன்னபடி, நல்ல வாயால் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று இன்று பை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வாய்மூடியைப் போட்டுக்கொண்டு சொன்னால் அது செல்லாது என்று, குழாயை மாட்டி முடித்த பிறகு அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். மூன்று தையல்காரர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருத்தன் சொல்வான் என்று காத்திருந்தேன். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை, அக்கா. மூன்று பேரும் அழுதார்கள். எனக்கு உயிரோடு இருக்க வேண்டும் போலிருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று தெரியாது.

உனக்கு ஒரு அங்கி தைத்திருக்கிறேன். பக்கவாட்டில் திறக்கிற மாதிரி, உள்ளே தையல் உரசாமல், மெல்லிய பருத்தியில். ஆபரேஷன் முடிந்ததும் அதைத்தான் போட வேண்டும், ஆஸ்பத்திரித் துணி புண்ணில் குத்தும். அத்தானைப் பேண்ட்டோடு வரச் சொல், பிரித்துவிடுகிறேன். உள்ளே துணி நிறைய விட்டுத்தான் சுருக்கியிருந்தேன், அவர் திரும்பச் சாப்பிடுவார் என்று.

எனக்கும் ஒரு பேண்ட் வெட்டினேன். புதுச் சிறுநீரகத்தைப் பின்பக்கம் வைக்க மாட்டார்களாமே, முன்னால், அடிவயிற்றில், வலது பக்கம் வைப்பார்களாம். டாக்டரிடம் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போட்டுக்கொண்டு வந்தேன். அவர் சிரித்தார், சிரிக்கட்டும். வலது பக்கம் உன்னுடையது உட்கார இடம் விட்டு வெட்டிவிட்டேன். இனிமேல் வேண்டாம் என்று சொல்ல முடியாது. துணி வீணாகிவிடும்.

வந்து சேர்,
தம்பி